ட்வைலைட் ஸ்ட்ரகிள்: பனிப்போர் ஒரு மேசையில்

1945 முதல் 1989 வரையிலான பனிப்போரை 10 சுற்றுகளில் அடக்கும் இருவர் பலகை ஆட்டம். ஒருவர் அமெரிக்கா, மற்றவர் சோவியத். எதிராளிக்குச் சாதகமான அட்டை உங்கள் கையில் வந்தாலும் அதைப் பெரும்பாலும் ஆடித்தான் தீர வேண்டும். அட்டையின் செயல்பாட்டுப் புள்ளிகள் உங்களுக்கு, அதில் உள்ள நிகழ்வின் பலன் அவருக்கு. ஆட்டத்தின் உயிரே அங்கேதான்.

புதியவர்கள் மண்ணைக் கவ்வும் இடம், அணுஆயுதப் போர் எவ்வளவு நெருங்கிவிட்டது என்று காட்டும் டெஃப்கான் அளவுகோல். அது 1க்கு இறங்கினால் அணுஆயுதப் போர். யாருடைய முறையோ அவருக்குத் தோல்வி. டெஃப்கான் 2இல் சோவியத் ஆட்டக்காரர் தன் முறையில், அமெரிக்காவுக்குச் சாதகமான 'சிஐஏ உருவாக்கம்' அட்டையை ஆடினால், எதிராளி ஒரு முக்கிய நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடத்தி, டெஃப்கானை 1க்கு இறக்கியே கதையை முடித்துவிடுவார். மதிப்பு 1 என்பதால், நிகழ்வு நடக்காமல் அட்டையைக் கழித்துவிட உதவும் விண்வெளிப் பந்தயத்திலும் அதைத் தள்ளிவிட முடியாது. கையில் பிடித்து வைத்து, அடுத்த சுற்றில் டெஃப்கான் 3க்கு ஏறியதும் முதல் வேலையாக இறக்குங்கள்.

கியூபா ஏவுகணை நெருக்கடி அட்டை அருமை. அமெரிக்கா துருக்கியில் செல்வாக்கை விட்டுக்கொடுத்து அதை ரத்து செய்யலாம். 1962இல் கென்னடி ரகசியமாக ஒப்புக்கொண்டதும் துருக்கி ஏவுகணைகளை அகற்றத்தான்.

ஒரு குறை: ஒரு நாடு சாய்ந்தால் பக்கத்து நாடும் சாயும் என்ற 'டோமினோ' கொள்கையை ஆட்டம் இயற்கை விதியாகவே எடுத்துக்கொள்கிறது. வியட்நாமுக்குப் பின் தாய்லாந்து சாய்ந்ததா என்ன?