இன்டென்ட்டா, நேவிகேஷனா? பேக் பட்டனை அழுத்திப் பாருங்கள்

ஆண்ட்ராய்டில் ஒரு திரையிலிருந்து இன்னொன்றைப் புரோகிராம் கோடு எழுதித் திறக்கப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். திரைக்கொரு ஆக்டிவிட்டி (தனித் திரைக்கான அலகு) வைத்து, 'இதைத் திற' என்று கேட்கும் இன்டென்ட் போட்டு ஸ்டார்ட்ஆக்டிவிட்டியை அழைப்பது ஒன்று. ஒரே ஆக்டிவிட்டிக்குள் ஃபிராக்மென்ட்களை (திரைத் துண்டுகளை) வைத்து, திரை மாற்றத்தைக் கவனிக்கும் கூகுளின் லைப்ரரியான ஜெட்பேக் நேவிகேஷனிடம் ஒப்படைப்பது மற்றொன்று. எங்கள் ஆர்டர் ஆப்பை முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிவிட்டோம், எனவே என் ஓட்டு நேவிகேஷனுக்கே.

கேமரா, மேப், டயலர் என வெளி ஆப்பைக் கூப்பிட இன்டென்ட்தான். அதில் பேச்சே இல்லை. இரண்டு மூன்று திரைகளே உள்ள ஆப்புக்கும் அது போதும். ஆனால் இன்டென்ட்டில் அடுத்த திரைக்குத் தகவல் அனுப்பும்போது, புட்எக்ஸ்ட்ராவில் அந்தத் தகவலுக்கு வைக்கும் பெயரில் (கீ) ஓரெழுத்து பிசகினால், ஆப் ஓடும்போதுதான் தெரியும். நேவிகேஷனோடு வரும் சேஃப் ஆர்க்ஸ் பிளகின் இருந்தால், ஆப் ஓடும் முன்பே கம்பைலர் பிடித்துவிடும்.

என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு சொல்வது பேக் பட்டன். எங்கள் ஆப்பில் திரைகளின் வரிசை: முகப்பு, கூடை, முகவரி, பணம், அப்புறம் 'ஆர்டர் உறுதி'. அங்கே பேக் அழுத்தினால் முகப்புக்குப் போக வேண்டும். மறுபடி பணத் திரை வந்தால் வாடிக்கையாளர் பதறிப்போவார். இன்டென்ட்டில், பணத் திரையை மூட ஃபினிஷ் போட்டால் அது மட்டும் போகும், கூடையும் முகவரியும் திரை அடுக்கின் அடியிலேயே கிடக்கும். சரி, முகப்புக்கு மேலே உள்ள திரைகளை அழிக்கும் கிளியர் டாப் கொடியோடு (ஃபிளாக்) போகலாம் என்றால், கூடவே இருக்கும் திரையையே பயன்படுத்தச் சொல்லும் சிங்கிள் டாப் கொடுக்காதபோது முகப்பே அழிந்து புதிதாக உருவாகும். இப்படி ஒவ்வொரு திரையிலும் ஒரு கொடி சேர்ந்துகொண்டே போகும். ஆறு மாதம் கழித்து வருகிறவருக்கு அது ஏன் அங்கே இருக்கிறதென்று புரியாது. நேவிகேஷனில் பணத்திலிருந்து 'ஆர்டர் உறுதி'க்குப் போகும் ஆக்‌ஷனில் (திரை மாற்றத்துக்கான குறிப்பு) பாப்அப்டூ என்று முகப்பைக் குறித்தால் போதும்: நடுவில் இருந்தவை எல்லாம் கழன்றுவிடும். எது எங்கே போகிறது என்பதும் திரைகளின் இணைப்பைக் காட்டும் கிராஃப் கோப்பில் ஒரே பார்வையில் தெரியும். நோட்டிஃபிகேஷனைத் தட்டி உள்ளே வருபவருக்கும் நேவிகேஷனின் நேவ்டீப்லிங்க்பில்டர் என்ற கருவி அடியில் முகப்பை வைத்தே திரையைத் திறக்கும்.

தொல்லையே இல்லையா என்றால், இருக்கிறது. பட்டனைப் படபடவென்று இருமுறை தட்டினால் இன்டென்ட் இரண்டு திரைகளைத் திறக்கும், அவ்வளவுதான். நேவிகேஷனோ, முதல் தட்டிலேயே இடம் மாறிவிட்டதால், இரண்டாவது தட்டுக்கு அந்த ஆக்‌ஷன் கிடைக்காமல் ஆப்பையே கிராஷ் ஆக்கிவிடும். அழைக்கும் முன் கரன்ட்டெஸ்டினேஷனை (இப்போது இருக்கும் திரை எது என்பதை)ச் சரிபார்ப்பது கட்டாயம். எங்கள் திரைகளின் வடிவமைப்பு இன்னும் எக்ஸ்எம்எல் கோப்புகளில்தான். திரையைக் கோட்லின் மொழியிலேயே எழுதும் முறையான காம்போஸில் முழுக்க எழுதுகிறவர்களுக்கு இதே தீர்ப்பு பொருந்துமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.