சிங்கப்பூர்–திருச்சி நான்கு மணி நேரம், திருச்சி–புதுக்கோட்டை?

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வான்வழித் தூரம் மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான்கு மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். ஊர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுவதால் டிக்கெட்டில் அது ஒன்றரை மணி நேரப் பயணமாகத் தெரியும், திரும்பும்போது ஆறரை. “வரும்போது மட்டும் காற்று தள்ளிவிடுகிறதா?” என்று அப்பத்தா இன்றுவரை கேட்கிறார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி நாள்கணக்கில் கடலில் கிடந்து போனவர் எங்கள் தாத்தா. அப்பத்தாவுக்கு அந்த நான்கு மணி நேரமே நம்பக்கூடிய கணக்கில்லை.

எனக்கு நம்ப முடியாமல் போனது அதற்கடுத்த கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர்.

2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம், சும்மா சொல்லக்கூடாது, கோபுரமும் வண்ணமுமாகக் கண்ணை நிறைக்கிறது. உள்ளே எல்லாம் முடிந்து வெளியே வந்தால் காரைக் காணோம். சித்தப்பா மகன் புதுக்கோட்டையில் ஒரு டிராவல்ஸில் சொல்லி வைத்திருந்த கார். வைஃபையில் பேசலாம் என்றால், அதைத் திறக்கும் கடவு எண் என் சிங்கப்பூர் எண்ணுக்கு வந்து சேரவே இல்லை. பக்கத்தில் மருமகனுக்காகக் காத்திருந்த பெரியவர் தன் போனைக் கொடுத்தார். டிரைவரைப் பிடித்தேன்.

“வாசலில்தான் நிற்கிறேன் சார்.”

“எந்த வாசல்?”

“ஏர்போர்ட் வாசல் சார்.”

நான்காவது தடவை கேட்ட பிறகுதான் விளங்கியது: பழைய முனையத்துக்கு எதிரே, சாலையோரம், டீக்கடை நிழலில். உள்ளே வந்தால் பார்க்கிங் கட்டணம்; முதலாளி தரமாட்டாராம். “நடந்து வந்துவிடுங்கள் சார், பக்கம்தான்.”

பக்கம்! சித்திரை வெயில், முப்பது கிலோ பெட்டி, மைலோ டின்கள், தெருவுக்கே போதுமான கோடாலித் தைலம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வரிசையில் நின்றால் டாக்சி தானாக முன்னால் வந்து நிற்கும், டிரைவர் இறங்கிப் பெட்டியை ஏற்றுவார். சிங்கப்பூர்த் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கே ஐம்பது கிலோமீட்டர்தான். அங்கே ஒரு நாட்டையே கடக்கும் நேரத்தில் இங்கே நான் ஒரு டீக்கடையைத் தேடி நடந்துகொண்டிருந்தேன்.

டீக்கடை இருந்தது. கார் இல்லை. டீசல் போடப் போயிருப்பதாகவும் ஐந்தே நிமிடத்தில் வந்துவிடுவதாகவும் கடைக்காரரிடம் டிரைவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு டீ குடித்து, தினத்தந்தியை வரி விளம்பரம் வரை படித்து முடித்தேன்.

முன்பெல்லாம் பழைய முனையத்திலிருந்து நாலெட்டு வைத்தால் சாலை. கை காட்டினால் புதுக்கோட்டை பஸ் நிற்கும். இப்போதும் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைத் தூக்கி இன்ஜின் பக்கம் சாய்த்தார். அது உருளாமல் இருக்கத் தன் சாப்பாட்டுப் பையை முட்டுக்கொடுத்தார். டிக்கெட்டைக் கிழித்தபடியே, “சிங்கப்பூரில் இப்போது பெர்மிட் கிடைக்கிறதா அண்ணே? என் மச்சான் ஒருவன் சும்மா இருக்கிறான்” என்றார். கீரனூர் தாண்டும்வரை மச்சானின் படிப்பைப் பற்றிப் பேசினோம். சாங்கி டாக்சியில் இப்படி யாரும் என்னிடம் உரிமையாகப் பேசியதில்லை.

மாலையில் டிராவல்ஸிலிருந்து ஆள் வந்தது. வெயிட்டிங் சார்ஜ் வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி கொடுத்து அனுப்பிவிட்டான். “நீங்கள் அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவீர்கள் அண்ணே, நான்தானே அவர் முகத்தில் விழிக்க வேண்டும்?” என்றான். திரும்பிப் போகவும் அதே காரைத்தான் சொல்லியிருக்கிறானாம்.