மந்திரமா, மெஷினா: மூன்று கேம்கள், ஒரு டீக்கடைச் சண்டை

வீடியோ கேமில் மந்திரக் கதைகளின் கூர்காது எல்ஃப் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் மட்டும் அது மந்திரமும் மெஷினும் சேர்ந்த கலவை ஆகிவிடாது. மந்திரத்தைப் பிடித்தால் மெஷின் பக்கம் ஏதாவது கை நழுவ வேண்டும். ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நாங்கள் மோதிக்கொள்ளும் மூன்று கேம்களையும் இந்த ஒரு கணக்கில்தான் எடைபோடுகிறேன்.

ஃபைனல் ஃபேன்டஸி 6 (1994) கூட்டாளிகளின் செல்லம். மந்திர சக்தியில் இயங்கும் இரும்புக் கவசங்கள் பனியில் நடந்து சுரங்க ஊருக்குள் நுழையும் தொடக்கம் இன்றைக்கும் மிரட்டுகிறது. கதை அபாரம். ஆனால் போகப்போக அநேகமாக எல்லாருமே எல்லா மந்திரமும் கற்றுக்கொள்ளலாம். செயின்சாவோடு சண்டைக்கு வரும் எட்கர் ராஜா, அல்டிமா என்ற பெரிய தாக்குதல் மந்திரத்தையும் சேர்த்தே போடுவார். அதற்காக அவர் எதையும் இழப்பதில்லை.

"போச்சம்பள்ளிப் பக்கம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓடுது, நடுகல்லுல வேடியப்பனுக்குப் பொங்கலும் வைக்கிறோம். ரெண்டும் அடிச்சிக்குதா?" என்பான் நண்பன். வாழ்க்கைக்கு அது சரி, மச்சான். கேமில் அடித்துக்கொள்ளாவிட்டால் நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஷேடோரன்: டிராகன்ஃபால் (2014) அடித்துக்கொள்ள விடுகிறது. பெர்லின், ஹேக்கர்கள், ஒரு டிராகன். உடம்பில் செயற்கைக் கை, கண் என்று மாட்ட மாட்ட எசன்ஸ் என்ற உயிர்ச்சாரம் குறையும். அது குறைந்தால் மந்திரவாதி போட்ட மந்திரத்தை மறுபடி போட அதிகச் சுற்றுகள் காத்திருக்க வேண்டும். முறைவைத்து ஆடும் சண்டையும் கச்சிதம்.

இருந்தும் என் ஓட்டு ஆர்க்கேனமுக்கு (2001). மந்திரம் இயற்கை விதியை வளைக்கிறது. மெஷின் அந்த விதியை நம்பித்தான் ஓடுகிறது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது கெட்டுப்போகும். நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று காட்டவே திரையில் ஒரு மீட்டர் உண்டு. மந்திரம் முற்றியவரை ரயிலில் ஏற்ற மாட்டார்கள், இன்ஜின் நின்றுவிடுமே என்ற பயம். தொழில்நுட்பத்தில் ஊறியவர் குற்றுயிராகக் கிடந்தாலும் கூட வரும் ஆளின் குணமாக்கும் மந்திரம் அவர்மேல் சரியாகப் பிடிக்காது. கலவை என்றால் இப்படி உறைக்க வேண்டும்.

சண்டை மட்டும் படு மோசம். எதிரியைக் காயப்படுத்தும் ஹார்ம் என்ற ஒரே மந்திரத்தை அழுத்திக்கொண்டே பாதி கேமைத் தாண்டிவிடலாம். அதனால் புதிதாக வருபவர்கள் டிராகன்ஃபாலில் தொடங்குங்கள். ஆர்க்கேனம் பக்கம் வந்தால் பிழைகளைச் சரிசெய்ய ரசிகர்கள் செய்த பேட்ச்சைப் போட்டுவிட்டு மெஷின் வழியில் போங்கள். உதிரிபாகத்துக்கு ஊர் ஊராகக் குப்பைத்தொட்டி கிளற வேண்டியிருக்கும், முகம் சுளிக்கக் கூடாது.