30-க்கு எதிராக 2: காற்றுச் சுவாசமா, நொதித்தலா?

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து காற்றுச் சுவாசம், அதாவது ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையைச் சிதைப்பது, சுமார் 30 முதல் 32 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயமான மூலக்கூறு) எடுக்கிறது. ஆக்சிஜனைப் பயன்படுத்தாத நொதித்தல் எடுப்பது வெறும் 2. (பழைய பாடநூல்களில் 36, 38 என்று இருக்கும். அது ஏடிபி வரவை முழு எண்களாக்கிப் போட்ட தாராளக் கணக்கு.) இந்த எண்களோடு நிறுத்திக்கொண்டால் போட்டியே இல்லை. ஆனால் வரவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது சரியாக இருக்காது.

இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். செல்லின் உள்திரவமான சைட்டோபிளாசத்தில் நடக்கும் கிளைக்காலிசிஸ், பத்துப் படிகளில் குளுக்கோஸை பைருவேட் என்ற இரண்டு சிறு மூலக்கூறுகளாக உடைக்கிறது. நொதித்தலின் 2 ஏடிபியும் இங்கேயே கிடைத்துவிடுகின்றன. அதற்கப்புறம் லாக்டிக் அமிலமோ ஆல்கஹாலோ உருவாகும்போது கூடுதலாக ஒரு ஏடிபிகூட வராது. பிறகு ஏன் அந்த வேலை? கிளைக்காலிசிஸுக்கு என்ஏடி என்ற துணைப்பொருள் வேண்டும். அது எலக்ட்ரான்களை ஏற்றுக்கொண்டு என்ஏடிஎச் ஆகிவிட்டால், யாராவது அந்தச் சுமையை இறக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் மொத்தமும் நின்றுவிடும். நொதித்தல் செய்வது அந்தச் சுமை இறக்கும் வேலையைத்தான்.

காற்றுச் சுவாசத்தில் அதே எலக்ட்ரான்கள் வீணாவதில்லை. பைருவேட், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் கிரப் சுழற்சி என்ற வினைத்தொடரில் கார்பன் டை ஆக்சைடாகச் சிதைகிறது. இந்தச் சுழற்சி நேரடியாகத் தருவது இன்னும் 2 ஏடிபிதான். பெரும்பங்கு, மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரத வரிசையான எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியில் வருகிறது: எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை நோக்கி நகர நகர, புரோட்டான்கள் உட்சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன; அவை திரும்பி நுழையும் விசையில் ஏடிபி உருவாகிறது. பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961-இல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் நோபல் பரிசே கிடைத்தது.

வேகம் என்று வந்தால் கதை மாறுகிறது. முழு மூச்சாக ஓடும்போது தசைக்கு ஏடிபி உடனே வேண்டும்; ஆக்சிஜன் வந்துசேரும் வேகம் அதற்குப் போதாது. அங்கே லாக்டேட் (லாக்டிக் அமிலம்) உருவாகும் நொதித்தல் வழிதான் கைகொடுக்கும், கொஞ்ச நேரத்துக்கு. மறுநாள் தசை வலிக்கு லாக்டிக் அமிலத்தைக் குறை சொல்வது வெறும் பழிபோடல். ஓய்வெடுத்த சிறிது நேரத்திலேயே அது இரத்தத்திலிருந்து குறைந்துவிடும். இதயம் அதை எரிபொருளாக்குகிறது, கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்குகிறது.

இன்னும் விசித்திரம் இரத்தச் சிவப்பணு. உடல் முழுக்க ஆக்சிஜன் சுமக்கும் அதற்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. சுமார் 120 நாள் ஆயுளையும் அந்த 2 ஏடிபி வழியிலேயே ஓட்டுகிறது. சுமக்கும் சரக்கைத் தானே தின்னாத ஏற்பாடு! ஈஸ்ட்டோ சர்க்கரை ஏராளமாக இருந்தால், ஆக்சிஜன் இருக்கும்போதே நொதிக்கும்.

மூளையிடம் இந்தச் சலுகை எடுபடாது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள அது, ஓய்வு நேர ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. சில நிமிடங்கள் ஆக்சிஜன் நின்றாலே அதன் செல்கள் சாகத் தொடங்கும்.

மூன்றாவதாக ஒரு போட்டியாளரும் உண்டு. சில பாக்டீரியாக்கள் எலக்ட்ரான் சங்கிலியை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசியில் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டையோ சல்பேட்டையோ பயன்படுத்துகின்றன. இதையும் நொதித்தலையும் ‘காற்றில்லாச் சுவாசம்’ என்று ஒரே வகையில் அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பொதுவாக நொதித்தலைவிட இதில் ஏடிபி அதிகம், காற்றுச் சுவாசத்தைவிடக் குறைவு.