எங்கள் வைக்கோல் போரின் சாரை: நான்கு ஆண்டு அனுபவம்

எலிக்குக் கிட்டிப் பொறி வைப்பவரை அழைக்கலாமா, அல்லது உங்களைப் போலச் சாரையை நம்பி இருந்துவிடலாமா என்று பக்கத்து வயல்காரர் சென்ற வாரம் கேட்டார். நான்கு ஆண்டுகளாக எங்கள் வைக்கோல் போரடியில் ஒரு சாரைப்பாம்பு குடியிருக்கிறது. நுனி அறுந்த வாலைக் கொண்டு அதை அடையாளம் காண்கிறேன். நான் அதை வளர்க்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை என்பதால், பராமரிப்பு என்பது எலி மருந்து வைக்காதிருப்பதும் போரின் அடியைக் கிளறாதிருப்பதுமே.

என் குறை ஒன்றுதான்: தவளை. சாரைக்கு நஞ்சும் இல்லை, மலைப்பாம்பைப் போல இரையைச் சுற்றி நெரிக்கும் வழக்கமும் இல்லை. உடல் பாரத்தால் தரையோடு அழுத்திப் பிடித்து, பெரும்பாலும் உயிருடனேயே விழுங்குகிறது. எனவே நடுப்பகலில், நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, கிணற்றடியிலிருந்து தவளையின் கதறல் நெடுநேரம் கேட்கும். பூச்சியைத் தின்னும் தவளையை விட்டுவிட்டு எலியைப் பிடித்தால் என்ன என்று பலமுறை ஆத்திரப்பட்டிருக்கிறேன். ஆனால் எலியை அது வளைக்குள் புகுந்து, குட்டிகளோடு சேர்த்துத் தின்பதால் அந்த வேலை நம் கண்ணில் படுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சென்ற இரண்டு சம்பாவிலும் வரப்போரத்தில் எலி வெட்டிய கதிர்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. இந்தக் கணக்கில் காணாமற்போன கோழிக்குஞ்சுகளை நான் சேர்க்கவில்லை. என் மனைவி சேர்த்திருக்கிறார்.

சென்ற மாதம் கத்தரிப் பாத்தியைச் சுற்றி நான் கட்டிய நைலான் வலையில் அது சிக்கிக்கொண்டது. கழுத்தைப் புடைத்து, நாய் உறுமுவதைப் போன்ற ஒலி எழுப்பியதால் நல்லபாம்பு என்று தெருவே கூடிவிட்டது. பயிற்சி பெற்ற பாம்புபிடி வீரர் ஒருவர் வந்து, வலையைக் கண்ணி கண்ணியாக நறுக்கி விடுவித்தார். அது பீய்ச்சிய நாற்றம் அவர் கையில் சோப்புக்கும் அடங்கவில்லை. நல்லபாம்பும் சாரையும் பிணைந்து ஆடுவதைத் தாமே பார்த்ததாக ஒரு பெரியவர் அங்கே சாதித்தார். அப்படிப் பிணைவது மல்லுக்கு நிற்கும் இரண்டு ஆண் சாரைகள் என்றேன், அவர் ஏற்கவில்லை.

வயல்காரரிடம் கிட்டியே வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். கிட்டி சாப்பாட்டு நேரத்தில் தவளையைப் பிடிப்பதில்லை. எங்கள் பாத்தி வலையை மட்டும் அன்றே அவிழ்த்துவிட்டேன்.