திருப்பாவை கையடக்கப் பதிப்பு: சேர்ந்து ஓதும் கோஷ்டிக்கு உதவும், பொருளில் இன்னும் கவனம் வேண்டும்

30 பாசுரங்கள், தனியன்கள் (முதலில் சொல்லும் துதிப் பாடல்கள்), சுருக்கமான உரை. எழுத்து பெரிது, விளக்கு வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரிகிறது. ஒரு பாசுரத்தின் எட்டடிகளும் ஒரே பக்கத்தில் அடங்குவதால், சேவிக்கும்போது (ஓதும்போது) நடுவில் பக்கம் புரட்ட வேண்டியதில்லை.

குறை, பதம் பிரித்ததில் இருக்கிறது. "நாட்காலே நீராடி" என்பதை "நாள் காலே நீராடி" என்று அச்சிட்டிருக்கிறார்கள். பொருள் பார்க்க இது நல்லது. ஆனால் புதிதாகக் கற்பவர் அப்படியே சொன்னால் ஓசை தட்டும், கோஷ்டியோடு சேராது. சந்தி சேர்த்த பாடத்தை மேலேயும் பிரித்ததைக் கீழேயும் தந்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை 15ஆம் பாசுரத்தில். "எல்லே இளங்கிளியே" முழுக்க, உறங்கும் தோழிக்கும் அவளை எழுப்ப வந்த பெண்களுக்கும் இடையிலான உரையாடல். "சில்லென்று அழையேன்மின்" என்பவள் உள்ளே இருப்பவள். "வல்லை உன் கட்டுரைகள்" என்று சீண்டுபவர்கள் வாசலில் நிற்பவர்கள். யார் பேசுவது என்ற குறிப்பே இல்லாததால், "நானேதான் ஆயிடுக" யார் வாக்கு என்று தெரியாமல் போகிறது. அது உள்ளே இருப்பவள் வாக்கு. தன்மேல் இல்லாத குற்றத்தையும் அடியார்களுக்காக ஏற்றுக்கொள்ளும் அந்த மனசைத்தான் பூர்வாசாரியர்கள் (பழைய வைணவ குருமார்கள்) உருகி உருகிப் பேசினார்கள். அந்த இடத்தை உரை ஒரே வரியில் கடந்துவிடுவது மனதுக்கு வருத்தம்.

29ஆம் பாசுர உரை அருமை. நோன்புக்கான பறையைக் கேட்டு வந்தவர்கள் கடைசியில் கைங்கரியத்தையே, அதாவது கண்ணனுக்குத் தொண்டு செய்வதையே, கேட்பதை நிதானமாக எடுத்துச் சொல்கிறது.

சாற்றுமுறைப் பாசுரங்களை (ஓதி முடிக்கும் கடைசிப் பாசுரங்களை) இருமுறை சேவிக்க வேண்டும் என்ற குறிப்பு இல்லை. பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடம் செய்பவர்கள் வாங்கலாம். பொருளில் தோய விரும்புபவர்கள் விரிவான வியாக்கியானப் பதிப்பையே தேடுங்கள்.