தீனிப் புதிர்த் தட்டு: நாயின் தர்க்கத்தை இது காட்டுமா?

நகர்த்தும் மூடிகள், எலும்பு வடிவத்தில் தூக்கி எடுக்கும் மூடிகள், அடியில் சின்னச் சின்னக் குழிகள். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் இந்தப் பிளாஸ்டிக் தட்டை நாயின் தர்க்க அறிவுக்கென்று சொல்லி விற்பதுண்டு. அவசரமாக விழுங்கும் நாயை நிதானப்படுத்த நல்ல சாமான், அதற்காக வாங்கலாம். தர்க்கத்தை இதில் தேடாதீர்கள். தீனி இருக்கும் குழியை மூக்கே காட்டிவிடுகிறது. மூக்கால் தள்ளி, காலால் பிறாண்டி, எது பலித்ததோ அதையே நாய் திரும்பச் செய்கிறது.

முதல் இரண்டு நாள் மூடிகளைத் திறந்தே வையுங்கள், பிறகு பாதி, பிறகு முழுதும். அடியில் ரப்பர் விரிப்பு இல்லாவிட்டால் நாய் தட்டைக் கவிழ்க்கத்தான் பழகும். தயிர்சாதம் வேண்டவே வேண்டாம். மூடி ஓடும் பள்ளத்தில் புகுந்து காய்ந்து இறுகிவிடும். கழன்று வரும் துண்டுகளை நாய் விழுங்கக்கூடும், தீனி தீர்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

'இதில் இல்லையென்றால் அதில்தான்' என்ற அனுமானத்தைப் பார்க்க இரண்டு எவர்சில்வர் தம்ளர் போதும். இரண்டின் உட்புறத்திலும் அதே தீனியைத் தேயுங்கள், மணம் காட்டிக்கொடுக்காது. அட்டை மறைவில் ஒன்றினடியில் மட்டும் தீனி வைத்து, மறைவை எடுத்து, வெற்றுத் தம்ளரைத் தூக்கிக் காட்டிவிட்டு நாயை அவிழ்த்து விடுங்கள். பெரும்பாலும் இங்கேதான் கெடும்: கை பட்ட தம்ளருக்கே நாய் ஓடும். புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2007இல் கண்டதும் இதுதான்; மனிதரின் பார்வையும் சைகையும் குறுக்கிடாதபோதே நாய்கள் வெற்றை ஒதுக்கி மற்றதைத் தேர்ந்தன. எனவே மற்ற தம்ளரையும் தூக்காமல் தொடுங்கள், தொடும் வரிசையை மாற்றுங்கள், நாயை விடும்போது தரையைப் பாருங்கள். 20 முறைக்கு 15 சரியானால் கவனிக்கத்தக்கது. குருட்டு யூகத்தில் அவ்வளவோ அதற்கு மேலோ வர ஏறக்குறைய 50இல் ஒரு வாய்ப்புதான்.

அப்போதும், 'வெற்றுப் பக்கம் போகாதே' என்ற பழக்கமே அதற்குப் போதுமே! அதற்குத்தான் நான்கு தம்ளர், இரண்டு ஜோடி, ஜோடிக்கு ஒரு தீனி. ஒரு ஜோடியில் வெற்றைக் காட்டினால் அதன் துணையில் தீனி நிச்சயம். மற்ற ஜோடியில் எதை எடுத்தாலும் பாதி வாய்ப்பு. வெற்றை மட்டும் தவிர்க்கும் விலங்கு மிச்ச மூன்றிலும் பரவலாகப் போகும். விலங்கறிவு ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்கின் சாம்பல் கிளி கிரிஃபின் இந்தச் சோதனையில் பெரும்பாலும் நிச்சயமானதையே தேர்ந்தது. உங்கள் நாய்க்கு ஒரு நாளில் ஐந்து முறைக்கு மேல் வேண்டாம். சலித்த நாய் ஒரே பக்கமாகப் போகத் தொடங்கும், கணக்கு வீண்.